ஒலிம்பியாவிடம் நம் ஊர் என்ன கேட்கிறது? கேள்வி பதில்

வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குக் கிழக்கே வாஷிங்டன் ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கும் பெல்வியூ, ரெட்மண்ட், கிர்க்லாந்து, சம்மாமிஷ், இசக்குவா மாதிரி ஊர்கள் மாநில சட்டமன்றம் கூடுவதற்கு முன்னால் ஒரு கோரிக்கைப் பட்டியல் போடும். சிட்டி கவுன்சில் அதை விவாதித்து, ஓட்டெடுத்து, தலைநகர் ஒலிம்பியாவுக்கு அனுப்பும். எங்கள் ஊரின் திட்டக் குழுவில் நான் சில ஆண்டுகள் இருந்தேன். அந்தப் பழக்கத்தில், கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, சிட்டியும் ஒரு அரசாங்கம்தானே? எதற்காக மாநிலத்திடம் போய்க் கேட்டு நிற்க வேண்டும்? (ரெட்மண்டுக்குப் புதிதாக வந்தவர்)

அமெரிக்க அரசியல் சாசனத்தைத் தேடிப் பாருங்கள் தம்பி, நகராட்சி என்ற பேச்சே இருக்காது. ஊர்களை உண்டாக்குவது மாநிலம். எந்த வரியை எவ்வளவு போடலாம், ஒரு மனையில் எத்தனை வீடு கட்டலாம், வேகத்தைப் பிடிக்கும் கேமராவை எந்தெந்த இடத்தில் வைக்கலாம் என்பது வரைக்கும் மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. பட்டியலைக் கையில் எடுத்துப் படித்தால், பாதிக்குமேல் "எங்களுக்கு அனுமதி கொடுங்கள்" என்றுதான் இருக்கும். மிச்சம் "பணம் கொடுங்கள்", "இதில் தலையிடாதீர்கள்".

என் வீட்டு மதிப்பு மூன்றே வருடத்தில் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. சிட்டிக்கு வரி கொட்டுமே! அப்புறம் ஏன் ஒவ்வொரு வருடமும் "1 சதவீத உச்சவரம்பைத் தளர்த்துங்கள்" என்று கேட்கிறார்கள்? (சம்மாமிஷ் வீட்டுக்காரர்)

இதைக் கேட்டதற்கு நன்றி. பட்டியலில் மிக முக்கியமானது இதுதான், ரொம்பப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பதும் இதையேதான்.

இங்கே வீட்டு மதிப்பு ஏறுவதால் சிட்டியின் சொத்து வரி வருமானம் ஏறாது. ஊர் முழுவதிலும் மொத்தமாக வசூலிக்கும் தொகை போன வருடத்தைவிட 1 சதவீதம்தான் கூடலாம். புதிதாகக் கட்டிய கட்டடங்களுக்கு மட்டும் தனிக் கணக்கு. போன வருடம் 2 கோடி டாலர் வசூலித்த ஊர், இந்த வருடம் 2 கோடியே 2 லட்சம் வசூலிக்கலாம். எல்லா வீட்டு மதிப்பும் இருபது சதவீதம் ஏறினால் வரி விகிதம்தான் அதற்கேற்ப இறங்கும். நீங்கள் கட்டும் ரசீது பெரிதாகத் தெரிகிறதென்றால், அதில் பெரும்பங்கு பள்ளிகளுக்கும் மாநிலத்துக்கும் கவுண்டிக்கும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) போகிறது. ரசீதிலேயே பிரித்துப் போட்டிருப்பார்கள், ஒரு தடவை பாருங்கள்.

இந்த 1 சதவீதம் 2001இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்தது. 2007 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே மாதக் கடைசியில் சட்டமன்றம் ஒருநாள் சிறப்புக் கூட்டம் போட்டு அதை அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டது. தீயணைப்பு வீரர் சம்பளம், மருத்துவக் காப்பீடு, தார் விலை எதுவும் வருடத்துக்கு ஒரே ஒரு சதவீதம் ஏறுவதில்லை. இரண்டு மூன்று வருடம் சமாளிக்கலாம். இருபது வருடம் என்றால் ரோட்டுக் குழி அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும், நடைபாதைத் திட்டம் காகிதத்திலேயே கிடக்கும். 2025இல் இதை 3 சதவீதம் வரை உயர்த்தும் யோசனை சட்டமன்றத்துக்கு வந்தது, தேறவில்லை.

1 சதவீதத்துக்கு மேலே வேண்டுமென்றால் ஊர்மக்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். நல்ல முறைதான். ஆனால் சாதாரணப் பராமரிப்புச் செலவுக்கும் தேர்தல் நடத்திக்கொண்டிருக்க முடியாது. விலைவாசியோடும் மக்கள்தொகையோடும் இந்த வரம்பைச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது என் கருத்து. வயதானவர்கள் பாவம் என்ற வாதம் உடனே வரும். நியாயமான கவலைதான். 61 வயதானவர்களுக்கு, வருமான வரம்புக்குள் இருந்தால், இப்போதே சலுகை உண்டு. உங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தம்பதி இருந்தால் தயவுசெய்து அவர்களிடம் சொல்லுங்கள், தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லாததால் மீதிச் சுமை விற்பனை வரியில் விழுகிறது. மாநிலத்தின் பங்கு 6.5 சதவீதம். உள்ளூர்ப் பங்குகளும் சேர்ந்து நம் பக்கத்தில் 10 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. பாத்திரம் வாங்குகிற ஏழைக்கும் அதே வரி, பணக்காரருக்கும் அதே வரி.

எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு நான்கு வீடு கட்டுகிறார்கள். "உள்ளூர் முடிவு உள்ளூரிலேயே இருக்கட்டும்" என்று சிட்டிகள் பட்டியலில் எழுதுவது எங்களைப் போன்றவர்களுக்காகத்தானே? (பெல்வியூ)

ஆமாம், உங்களுக்காகத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

2023இல் வந்த 1110ஆம் எண் சட்டப்படி, 75,000 பேருக்கு மேல் உள்ள ஊர்களில் ஒரு மனையில் நான்கு வீடு வரை கட்ட அனுமதிக்க வேண்டும். பெரிய ரயில், பஸ் நிலையங்களுக்குப் பக்கத்தில் ஆறு. 25,000 முதல் 75,000 வரை உள்ள ஊர்களில் இரண்டு, நிலையத்துக்குப் பக்கத்தில் நான்கு. அதே வருடம் வந்த இன்னொரு சட்டம், கொல்லையில் கட்டும் சிறு வீடுகளுக்கு இருந்த தடைகளைத் தளர்த்தியது.

திட்டக் குழுவில் இருந்தபோது ஒரு இரவு பொது விசாரணை நடந்தது. மரம் போய்விடும், கார் நிறுத்த இடமிருக்காது என்று வரிசையாகப் பேசினார்கள். கடைசியாக ஒரு பள்ளி ஆசிரியை எழுந்தார். கையில் காகிதம் ஏதும் இல்லை. "உங்கள் பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுக்கிறேன். காலையில் ஐந்தரைக்குக் காரை எடுத்தால்தான் நேரத்துக்கு வர முடிகிறது. இந்த ஊரில் நான் வாடகைக்குக்கூட இருக்க முடியாது" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

முப்பது வருடம் முடிவு ஊர்களின் கையில்தான் இருந்தது, ஊர்களும் தனி வீடு மட்டும் போதும் என்றே முடிவெடுத்தன. மரத்தைக் காப்பதற்கும் மழைநீர் வடிகாலுக்கும் விதிகளைக் கேளுங்கள், உங்களோடு நானும் வருகிறேன். கூடுதல் வீடுகளுக்குத் தேவையான சாக்கடைக் குழாய்க்கு மாநிலம் பணம் தரட்டும் என்று சிட்டி கேட்பதும் முழுக்க நியாயம். வீடே வேண்டாம் என்பதற்கு மட்டும் என்னால் கையெழுத்துப் போட முடியாது.

போலீஸ் போதவில்லை என்று ஏன் எல்லா ஊரும் எழுதுகிறது? (கிர்க்லாந்து)

மக்கள்தொகைக்குப் போலீஸ் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இந்த மாநிலம் நாட்டிலேயே கடைசி வரிசையில் நிற்கிறது. ஆள் எடுத்தாலும் சியாட்டிலுக்குத் தெற்கே பியூரியன் ஊரில் உள்ள அடிப்படைப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது, அதனால்தான் கூடுதல் வகுப்பு கேட்டார்கள். 2025இல் சட்டமன்றம் 10 கோடி டாலர் மானியம் ஒதுக்கியது. நிபந்தனைகளுக்கு உட்பட்ட ஊர்கள் 0.1 சதவீதம் விற்பனை வரி போடவும் வழிவிட்டது. மறுபடியும் விற்பனை வரி!

பட்டியலில் மீனுக்கு ஒரு பத்தி பார்த்தேன். நகராட்சிக்கும் மீனுக்கும் என்ன? (இசக்குவா, பள்ளி மாணவியின் அம்மா)

உங்கள் மகளை நவம்பர், டிசம்பரில் சம்மாமிஷ் ஏரியில் சேரும் ஓடை ஒன்றின் கரைக்குக் கூட்டிப்போங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் கோகனி என்ற சால்மன் வகை மீன் முட்டையிட மேலே ஏறுவதைப் பார்க்கலாம். உடம்பு சிவந்து, வால் தேய்ந்து, கணுக்கால் அளவு தண்ணீரில் முதுகு வெளியே தெரிய ஏறும். அந்த ஓடை ரோட்டைக் கடக்கும் இடத்தில் ரோட்டுக்கு அடியில் தண்ணீரைக் கடத்தும் பழைய கல்வெர்ட் குழாய் இருக்கும். குழாயின் வாய் ஓடையைவிட ஒரு முழம் உயரத்தில் தொங்கினால் மீனின் பயணம் அங்கேயே முடிந்தது.

1850களில் பழங்குடி மக்களோடு செய்த ஒப்பந்தங்கள் அவர்களுக்கு மீன்பிடி உரிமையை உறுதி செய்தன. மீனே வரமுடியாமல் குழாய் போட்டுவிட்டு உரிமை இருக்கிறது என்று சொல்ல முடியாதல்லவா? நீதிமன்றம் மாநில நெடுஞ்சாலைக் குழாய்களைச் சரிசெய்ய உத்தரவிட்டது. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நான்குக்கு நான்கு என்று பிரிந்ததால் அந்த உத்தரவு அப்படியே நிலைத்தது. ஆனால் மாநிலம் தன் குழாயைச் சரிசெய்த பிறகும், கொஞ்சம் மேலே சிட்டியின் குழாய் மறித்துக்கொண்டு நின்றால் என்ன பயன்? ஓடை முழுவதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள் என்பதுதான் ஊர்களின் கோரிக்கை. எனக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை.

சிட்டி சம்பளம் கொடுத்து லாபியிஸ்ட் (சட்டமன்றத்தில் தனக்காகப் பேச ஒரு ஆள்) வைக்கிறதாமே?

பல ஊர்கள் வைக்கின்றன. சட்டப்படி சரி, செலவுக் கணக்கை மாநில ஆணையத்திடம் காட்ட வேண்டும். பொதுப்பணத்தைச் செலவழித்து "நீங்கள் எல்லோரும் எம்எல்ஏவுக்குப் போன் போடுங்கள்" என்று மக்களைத் தூண்டக் கூடாது. அதனால்தான் சிட்டி அனுப்பும் கடிதங்கள் அவ்வளவு சப்பென்று இருக்கும்.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன் அக்கா. ஓட்டு இல்லை. நான் பேசினால் யார் கேட்பார்கள்?

கேட்பார்கள். உங்கள் தொகுதிக்கு ஒரு செனட்டர், இரண்டு பிரதிநிதிகள். அங்கே குடியிருக்கிற எல்லோருக்கும் அவர்கள்தான் பிரதிநிதிகள். ஒரு மசோதா குழு விசாரணைக்கு வந்தால், சட்டமன்ற இணையதளத்தில் ஆதரவு, எதிர்ப்பு, வேறு என்று பதிவு செய்யலாம். வீட்டிலிருந்தே வீடியோவில் பேசலாம். விசாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: கிரீன் கார்டு வரும்வரை எந்த வேட்பாளருக்கும் நன்கொடை கொடுக்கக் கூடாது. உள்ளூர்த் தேர்தலுக்கும் இதே தடைதான்.

பேச ஒன்று இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். பெயர், ஊர், மசோதா எண், ஆதரவா எதிர்ப்பா, அப்புறம் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு விஷயம். புள்ளிவிவரத்தை லாபியிஸ்ட் சொல்லிக்கொள்வார். முதல் தடவை நான் பேசியபோது பாதி நேரத்தை நன்றி சொல்வதிலேயே தீர்த்துவிட்டேன், மணி அடித்துவிட்டது.

எப்போது ஆரம்பிக்கலாம்?

சட்டமன்றம் ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை கூடும். ஒற்றைப்படை வருடம் 105 நாள், இரட்டைப்படை வருடம் 60 நாள். அதற்குள் குழுக்களுக்கான கெடு தாண்டினால் மசோதா பெரும்பாலும் அந்த வருடம் அவ்வளவுதான். ஆகவே ஜனவரியில் விழித்தால் தாமதம். ஊரின் பட்டியல் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் கவுன்சில் மேசைக்கு வரும். வரைவை இணையத்தில் போடுவார்கள், பொதுமக்கள் பேச நேரமும் உண்டு. எங்கள் ஊரில் பள்ளிக்குப் போகும் வழியில் நடைபாதை இல்லாத ஒரு துண்டு ரோடு இருந்தது. மூன்று அம்மாக்கள் அக்டோபரில் ஸ்ட்ரோலரோடு கவுன்சில் கூட்டத்துக்கு வந்து பேசினார்கள். அந்த ரோடு அந்த வருடப் பட்டியலில் ஏறியது.