உப்பு எங்கே போகிறது?

ஐயா,
எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டேன். பாலிமர் சவ்வுகளில் பிஎச்.டி. செய்ய இடம் கிடைத்திருக்கிறது. அப்பா டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்தவர். “ஆர்.ஓ. வந்து எத்தனை வருஷமாச்சு, பாலாத்தங்கரைக் கிணத்துல உப்பு போச்சா? இன்னும் என்னத்த ஆராயப் போற?” என்கிறார். இந்தத் துறையிலேயே காலம் கழித்தவர் நீங்கள். அவருக்கு என்ன சொல்ல?
— வாசகர், ராணிப்பேட்டை

தம்பி,
எந்த நேர்முகத் தேர்விலும் என்னிடம் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை.

ஆர்.ஓ. என்பது உப்புத் தண்ணீரை அழுத்தி ஒரு பாலிமர் சவ்வு வழியே வடிப்பது. கிணற்றில் எப்போதோ இறங்கிவிட்ட உப்பு அந்தச் சவ்வின் பக்கமே வருவதில்லை. மழையும் ஆற்றுவெள்ளமும்தான் அதை அலச வேண்டும். பாலாற்றில் வெள்ளம் வருகிற லட்சணம் உங்களுக்கே தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு டேனரிகள் அதன் பிறகு விடுகிற கழிவுக்குக் கடிவாளம் போட்டது. பழையது மண்ணில் கிடக்கிறது.

இன்னொன்று, சவ்வு உப்பை அழிக்காது, ஒதுக்கும். லிட்டருக்கு 6 கிராம் உப்புள்ள 100 லிட்டரில் 75 லிட்டரை நல்ல தண்ணீராக எடுத்தால், மிச்சம் 25 லிட்டரில் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 24 கிராம் சேர்ந்துவிடும். ரிஜெக்ட் எனப்படும் அந்த மிச்சத்தைக் காய்ச்சினால் சல்பேட்டும் கலந்த அழுக்கு உப்பு மூட்டை மூட்டையாக வரும். வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

அதற்காக இந்த வேலையை மட்டமாக நினைக்காதீர்கள். 1960-ஐ ஒட்டி லோப், சௌரிராஜன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் செல்லுலோஸ் அசிடேட்டில் மெல்லிய மேற்படலமுள்ள சவ்வு செய்த பிறகுதான் இது தொழிலுக்கு வந்தது. இன்றைக்கு அந்தப் படலம் பாலியமைடு என்ற பாலிமரில். அமீன் கரைசலில் நனைத்த பாலிசல்ஃபோன் தாளை ரப்பர் ரோலரால் துடைத்துவிட்டு, ஹெக்சேனில் கரைத்த அமிலக் குளோரைடை ஊற்றினால் சில நொடிகளில் படலம் கட்டிவிடும். ஒரு சொட்டு துடைபடாமல் நின்றால் அந்த இடத்தில் படலம் பழுது, உப்பு ஒழுகும். மொத்தத் தாளும் குப்பைக்கு. கைப்பழக்கம் வர மாதக்கணக்காகும், அதில் ஒரு ருசியும் உண்டு.

என் குறை வேறு. ஆய்வுக்கட்டுரைகளில் பெரும்பாலும் லிட்டருக்கு 2 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடு போட்டுப் பார்த்து, இத்தனை சதவீதம் உப்பைத் தடுத்தது என்று எழுதிவிடுகிறார்கள். டேனரித் தண்ணீரில் சுண்ணாம்பு, சிலிக்கா, புரதம் எல்லாம் வரும். அது சவ்வின் மேல் படிந்து அடைத்துக்கொள்வதையும் ரிஜெக்டிலிருந்து உப்புகளைத் தனித்தனியாகப் பிரிப்பதையும் எடுத்துச் செய்யுங்கள். சேருவதற்கு முன்பே வழிகாட்டியிடம் கேளுங்கள்: சோதனைக்கு நிஜக் கழிவுநீர் தருவீர்களா?

அப்பாவிடமும் ஒன்று கேட்க வேண்டும். கெடாமலிருக்க உப்புத் தடவி வரும் தோலை, ஊறப்போடும் முன் உதறி எவ்வளவு உப்பு எடுத்தார்கள்? அங்கே உதிராத உப்பும்தான் பிறகு சவ்வுக்கு வருகிறது.