"கொலுசு" என்றால் எது? குழந்தைகள் சொல் கற்பது பற்றிய கேள்வி பதில்

சேலத்தில் சிறு குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன்.

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஓர் அம்மா: மகளுக்கு ஏழு மாதம். "ஃபேன் எங்கே?" என்றால் அண்ணாந்து பார்க்கிறாள். புரிந்துதான் பார்க்கிறாளா அக்கா?

புரிந்துதான். 2012இல் பெர்கல்சன், ஸ்விங்லி என்ற இருவர் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளைச் சோதித்தார்கள். திரையில் இரண்டு படங்கள். திரை தெரியாதபடி கண்ணை மறைத்துக்கொண்ட அம்மா ஒன்றின் பெயரைச் சொல்வார். உணவு, உடல் உறுப்புப் பெயர்களைக் கேட்டபோது பிள்ளைகள் சரியான படத்தையே கூடுதல் நேரம் பார்த்தார்கள். உங்கள் மகளுக்கு "ஃபேன்" என்பது இப்போதைக்கு உங்கள் கூடத்து விசிறி மட்டுமாக இருக்கலாம். பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் அண்ணாந்தால், அந்தச் சொல் ஒரு பொருளை விட்டு ஒரு வகைக்கே பெயராகிவிட்டது என்று அர்த்தம்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் அப்பா: மகள் முன்னால் கொலுசை ஆட்டி "கொலுசு" என்கிறேன். மினுமினுப்பா, சத்தமா, கால்தானா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியைத்தான் 1960இல் குவைன் என்ற தத்துவ அறிஞர் எழுப்பினார். முன்பின் தெரியாத மொழிக்காரர் ஒருவர் ஓடும் முயலைக் காட்டி ஒரு சொல் சொன்னால், அது முயலா, முயலின் ஓட்டமா, காதா? தர்க்கப்படி பார்த்தால் முடிவே கிடையாது. ஆனால் பிள்ளைகள் திணறுவதில்லை.

புதுச் சொல் முழுப் பொருளுக்கே பெயர் என்று எடுத்துக்கொள்ளும் சாய்வு அவர்களுக்கு இருக்கிறது. ஏற்கெனவே பெயர் தெரிந்த பொருளைத் தள்ளிவிட்டு, பெயர் தெரியாததற்குப் புதுச் சொல்லைப் பொருத்துவார்கள். ஒன்றரை வயதில் இன்னொன்றும் வந்துவிடுகிறது: தன் கையில் எது இருந்தாலும், சொல்பவர் எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொள்ளும். ஆகவே கொலுசை ஆட்டும்போது நீங்களும் கொலுசைப் பாருங்கள்.

நம் மொழியில் இதற்கு மேலும் ஒரு வேலை இருக்கிறது. "கொலுசைப் போடு", "கொலுசுக்குத் திருகாணி எங்கே", "கொலுசோடு தூங்காதே": வால் மாறிக்கொண்டே இருக்கும், தலை மாறாது. எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி அடிக்கடி வருகிறது என்று எட்டு மாதப் பிள்ளை கணக்கு வைக்கும் என்பதை 1996இல் சாஃப்ரன் குழுவினர் காட்டினார்கள். இடைவெளியே இல்லாத வெற்று ஒலிச்சரத்தை இரண்டே நிமிடம் கேட்டதும் போதுமாக இருந்தது. "கொலுசு, கொலுசு" என்று ஒற்றைச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, பட்டறையில் எப்போதும் பேசுவதுபோல் முழு வாக்கியமாகப் பேசுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஏற்காட்டில் காபித் தோட்டத்திலிருந்து ஒரு தாத்தா: பேரனுக்கு 18 மாதம். பசு, ஆடு எல்லாமே "ம்மா". நேற்று சாலையோரம் நின்ற காட்டெருமையையும் "ம்மா" என்றான். வேறுபாடு தெரியவில்லையோ?

தெரியும் ஐயா. மூன்று, நான்கு மாதக் குழந்தைகளுக்குப் பூனைப் படங்களாகவே காட்டிவிட்டு ஒரு நாய்ப் படத்தை வைத்தால் அதைக் கூடுதல் நேரம் பார்க்கும். பெயர் வருவதற்கு வெகு முன்பே வகை பிரிக்கத் தொடங்கிவிடுகிறது. உங்கள் பேரனிடம் இருக்கும் சொற்கள் குறைவு. அருகில் உள்ளதை எடுத்து ஒட்டுகிறான். ஆட்டுப் படத்தையும் மாட்டுப் படத்தையும் வைத்து "ஆடு எங்கே?" என்று கேளுங்கள், பெரும்பாலும் சரியாகக் காட்டுவான். "தப்பு" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஆமாம், மாடு மாதிரியே இருக்கிறது. இது காட்டெருமை, கொம்பைப் பார்" என்று சொல்லுங்கள். நாலு கால், கொம்பு, பெரிய உடம்பு என்று அவன் கண்ட ஒற்றுமை உண்மையான ஒற்றுமை.

அம்மாப்பேட்டை: வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ். குழம்பிவிடுவானா?

மாட்டான். வீட்டு மொழியை நிறுத்தாதீர்கள். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் குழந்தைகளும் ஆறேழு மாதத்தில் இந்தியின் "த", "ட" ஒலிகளைப் பிரித்தறிகிறார்கள்; ஒரு வயது நெருங்கும்போது அந்தத் திறன் மங்கிவிடுகிறது. வெர்கரும் டீஸும் 1984இல் கண்டது இது. காது எதைக் கேட்கிறதோ அதற்கே பழகுகிறது. சொல் எண்ணிக்கை பார்ப்பதானால் இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

கைபேசியில் பாட்டு போட்டால் சொல் வருமா?

ஒரு வயதுக்குள் எதிர்பார்க்காதீர்கள். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சீன மொழி ஒலிகளை நேரில் விளையாடியவரிடம் கற்றார்கள். அதே ஆள் திரையில் பேசியபோது கற்கவில்லை. கூல் குழுவினரின் 2003 ஆய்வு இது.

ஓமலூரிலிருந்து ஒரு பாட்டி: கண்ணு, பேரனுக்கு ஒன்றரை வயசு. ஒரு சொல்லும் வரவில்லை. ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசும் என்கிறார்கள். பொறுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம் பாட்டி. எங்கள் குடும்பத்திலேயே இதே பேச்சைக் கேட்டு இரண்டரை வயது வரை ஒரு பிள்ளையை வைத்திருந்தோம். அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. போன அந்த ஓராண்டை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை. பெயர் சொன்னால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா என்று பாருங்கள். இரண்டும் இருந்தாலும் காதைச் சோதித்துவிடுங்கள். பிறந்தபோது சோதனையில் தேறிய பிள்ளைக்கும் பிறகு சளியால் காதுக்குள் நீர் கட்டலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. இந்த வாரமே காலையில் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் எதற்கெல்லாம் திரும்புகிறான், எதற்குத் திரும்பவில்லை என்று ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.