சூடாக்கினால் போரேட்டுப் பளிங்கு ஒரு பக்கம் நீண்டு, இன்னொரு பக்கம் சுருங்குவது ஏன்?

போரேட்டு என்றால் போரனும் ஒட்சிசனும் உள்ள சேர்வை. நீங்கள் கேட்பது அதில் ஒன்றான இலிதியம் மூபோரேட்டைப் பற்றியாகத்தான் இருக்க வேண்டும். சூடு பட்டால் எதுவும் விரியும் என்று படித்துவிட்டு இதைப் பார்த்தால் தலை சுற்றத்தான் செய்யும்.

ஹட்டனில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் டியூஷன் எடுக்கிறேன். இந்தப் பாடத்துக்கு அவர்களைக் கீழே இருக்கும் சில்லறைக் கடைக்கு அனுப்பிவிடுவேன். கடைக்கு மடிப்பு இரும்புக் கேட். முதலாளி சாயங்காலம் இழுத்துப் பூட்டும்போது பாருங்கள்: அகலம் கூடக் கூட, பட்டைகளுக்கு நடுவிலுள்ள சாய்சதுரங்கள் குட்டையாகிக்கொண்டே வரும். பட்டை ஒன்றுகூட நீளவில்லை. ஆணி அடித்த இடத்தில் திரும்பியது, அவ்வளவுதான்.

போரேட்டிலும் போரன் மூன்று ஒட்சிசனோடு முக்கோணமாகவோ, நான்கோடு நான்முகியாகவோ நிற்கும். அந்தப் பிணைப்பு மகா இறுக்கம். சூட்டுக்கு அதன் நீளம் மாறுவதே அபூர்வம். இரண்டு கூட்டங்களுக்குப் பொதுவான ஒட்சிசன்தான் ஆணி. சூட்டில் மாறுவது அங்குள்ள கோணம்.

இலிதியம் மூபோரேட்டில் முக்கோணமும் நான்முகியும் கோத்து ஒரு வலை, அதன் இடைவெளிகளில் இலிதியம். ஒரு பாகை சூட்டுக்கு, பத்து லட்சத்தில் 108 பங்கு ஓர் அச்சில் நீளும். இன்னொன்றில் 34 பங்கு. மூன்றாவதிலோ 88 பங்கு சுருங்கும். மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 18, ஏறக்குறைய செம்பு மாதிரி! சராசரியை மட்டும் பார்ப்பவர் ஏமாந்து போவார்.

பீற்றா பேரியம் போரேட்டில் இப்படி வலை இல்லை. மும்மூன்று முக்கோணங்கள் சேர்ந்த தட்டை வளையங்கள், தட்டில் அடுக்கிய தேங்காய் ரொட்டி மாதிரி; நடுவில் பேரியம். அதே கணக்கில் ரொட்டியின் குறுக்கே 4 பங்கு நீளும், அடுக்கின் உயரத்தில் 36 பங்கு. தளத்துக்கு மேலும் கீழும் அணுக்கள் துள்ளுவதைத் தடுக்க அங்கே பலமான பிடி இல்லையே.

இப்படிப் பல போரேட்டுகளைச் சூடாக்கி அளந்தவர்கள் ரஷ்யாவின் புப்னோவா, பிலாத்தோவ். தேடிப் படிக்கலாம். லேசரில் இந்தப் பளிங்குகளை வைப்பவர்கள் மெதுவாகத்தான் சூடேற்றுவார்கள், அவசரப்பட்டால் வெடித்துவிடும்.

“பிளேன்டீ ஊத்தினதும் கிளாஸ் வெடிச்சதும் இதனாலதானா சேர்?” என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். இல்லை. கண்ணாடி பளிங்கே அல்ல, எல்லாத் திசையிலும் ஒரே அளவாகத்தான் விரியும். உள்பக்கம் கொதிக்கிறது, வெளிப்பக்கம் மார்கழிக் குளிரில் கிடக்கிறது. அந்த இழுபறியில் போனது கிளாஸ்.