பின்னால் யாராவது சிரித்தால் நெஞ்சு படபடக்கிறது

கேள்வி: எனக்கு வயது 29. கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டம். புலமைப்பரிசில் சித்தியடைந்து டவுன் பாடசாலைக்குப் போனேன். தரம் 7 முதல் 10 வரை ஒரு கூட்டம் என்னை விடவேயில்லை. வகுப்புக்குள் போனாலே மூக்கைப் பொத்துவார்கள். 'தோட்டக்காட்டாள் வந்துட்டா, கொழுந்து மணக்குது' என்பார்கள். அம்மா கட்டித் தரும் ரொட்டியைப் பறித்துப் பந்து மாதிரி எறிந்து விளையாடுவார்கள். இப்போது நுவரெலியாவில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பின்னால் இரண்டு பேர் சிரித்தால் நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும். இன்றைக்கும் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைப் பாதிதான் திறப்பேன். உதவி முகாமையாளர் பதவிக்கு இரண்டு தடவை கேட்டும் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், கூட்டத்தில் பேச வேண்டுமே. விடியப்புறம் 3 மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. 'பழசை மறந்துவிடு' என்கிறார் அம்மா. இது வருத்தமா, என் குணமா? மருந்து எடுத்தால் அதற்கே பழகிப்போகுமா?

பதில்: மகள், கடிதத்தை வாசித்து வந்தவன் அந்தப் பாதி திறந்த மூடியில் நின்றுவிட்டேன். கிளினிக்கில் நீங்கள் என் முன்னால் இருந்திருந்தால் முதலில் அதைப் பற்றித்தான் கேட்டிருப்பேன்.

14 வயதில் அந்த மூடி சரியான காவல். ரொட்டி தெரிந்தால் பறிபோகும், தெரியாவிட்டால் தப்பும். மூளை அதைப் படித்துக்கொண்டது. ஆபத்தை மணந்து பிடிக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி, 'பின்னால் சிரிப்பு வந்தால் உஷாராகு' என்று பதிந்து வைத்தது. பாடசாலை முடிந்து இத்தனை வருஷமாகியும் அந்தக் காவல்காரனை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆகவே இது உங்கள் குணமல்ல. சமூகப் பதட்டக் கோளாறு, அதாவது நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற பயம் வாழ்க்கையையே முடக்கும் நோய், போலத் தெரிகிறது. விடியற்கால முழிப்பைப் பார்த்தால் கொஞ்சம் மனச்சோர்வும் சேர்ந்திருக்கலாம். நேரில் பார்க்காமல் முத்திரை குத்த மாட்டேன்.

'சின்னப் பிள்ளைகள் பகிடி பண்ணினதுக்கா இவ்வளவு?' என்று கேட்பவர்கள் உண்டு. பாடசாலையில் நடக்கும் இப்படியான வதையை முதன்முதலாக முறையாக ஆராய்ந்த டான் ஒல்வியஸ், சாதாரணச் சண்டையிலிருந்து இதைப் பிரித்துக் காட்ட மூன்று அடையாளம் சொன்னார்: நோகடிக்கும் எண்ணம், திரும்பத் திரும்ப நடப்பது, எதிர்த்து நிற்க முடியாத பலக் குறைவு. உங்கள் கதையில் மூன்றும் இருக்கின்றன. அதற்கு மேல், பதின்வயதில் அம்மா அப்பாவின் சொல்லைவிடக் கூட்டாளிகளின் முகம்தான் பெரிது. அந்த வயதில் ஒரு வகுப்பே மூக்கைப் பொத்தினால், 'என்னில்தான் ஏதோ பிழை' என்று பிள்ளை முடிவு கட்டிவிடும்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1,420 பிள்ளைகளைச் சிறு வயதிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதி வரை பின்தொடர்ந்தார்கள். முடிவு 2013இல் வெளியானது. வதைக்கு ஆளானவர்களிடம் வளர்ந்த பிறகும் பதட்டக் கோளாறுகள் கூடுதலாக இருந்தன. வீட்டுக் கஷ்டம், முன்பே இருந்த மனநிலை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் அப்படித்தான். 1958இல் பிரிட்டனில் பிறந்தவர்களைப் பற்றிய ஆய்வு இன்னும் நீளம். 7, 11 வயதுகளில் அடிக்கடி வதைபட்டவர்களிடம் ஏறக்குறைய 40 வருஷம் கழித்தும் மனச்சோர்வும் பதட்டமும் மற்றவர்களைவிட அதிகம். ஆனால் இது எல்லாருக்கும் எழுதி வைத்த விதியல்ல. வதைபட்டும் சுகமாக வாழ்கிறவர்கள் நிறையப் பேர்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்த வகுப்பிலும் இப்படி ஒருவன் இருந்தான். நான் எறியவில்லை, பின்வாங்கில் இருந்து சிரித்தேன். அவனுக்கு என் சிரிப்பும் அந்தச் சிரிப்பில் ஒன்றுதான் என்பது இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அம்மாவுக்கு வருவோம். அவர் சொல்வதில் எனக்குக் கோபமில்லை, ஆனால் 'மறந்துவிடு' என்பது மருந்தல்ல. எதை மறக்கச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியுமா என்பது என் சந்தேகம். தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் இருட்டில் எழும்பித் தட்டிய ரொட்டி பந்தாகப் பறந்ததை எந்தப் பிள்ளை அம்மாவிடம் சொல்லும்? முடிந்தால் இப்போது சொல்லுங்கள். அவசரமில்லை.

இனிச் செய்ய வேண்டியது. உங்கள் பக்கத்து ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் 'மனநல கிளினிக் எந்த நாள்?' என்று கேளுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. முதலில் இரத்தப் பரிசோதனை. இரத்தச்சோகையும் தைரொயிட் கூடுவதும் இதே படபடப்பைத் தரும், தோட்டப் பக்கத்துப் பெண்களிடம் இரத்தச்சோகையைச் சாதாரணமாகப் பார்க்கிறோம். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணியைக் குறையுங்கள். தேயிலை மலையில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது!

மருந்து பற்றிக் கேட்டீர்கள். பதட்டத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் செர்ட்ராலின், ஃபுளுஒக்சட்டின் போன்ற மருந்துகளுக்கு அடிமையாவதில்லை. வேலை செய்யத் தொடங்க 2 முதல் 4 கிழமை எடுக்கும். முதல் நாட்களில் குமட்டலும் பதற்றமும் வரலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள். சுகமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்ந்து, வைத்தியர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும். டயசெபாம் வகைத் தூக்கக் குளிசைக்குத்தான் பழகிப்போகும். பார்மசியில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

மருந்தில்லாமலும் மருந்தோடும் பலன் தருவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது பயத்தை வளர்க்கும் எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசியும் பழகியும் மாற்றுவது. அதன் ஒரு சிறு பாகத்தை நீங்களே தொடங்கலாம். நம்பிக்கையான ஒரு கூட்டாளியோடு உட்கார்ந்து மூடியை முழுசாகத் திறந்து பக்கத்தில் வையுங்கள். நெஞ்சு அடித்துக்கொள்ளும், அடிக்கட்டும். அது தானாக இறங்கும்வரை மூடாதீர்கள். பாதியில் மூடினால், மூடியதால்தான் தப்பினோம் என்று அந்தக் காவல்காரன் இன்னும் உறுதியாக நம்பிவிடுவான். அதே மேசையில் கொஞ்ச நாள் பழகிய பிறகு இரண்டு பேர், மூன்று பேர். பிறகு கூட்டத்தில், முன்கூட்டியே எழுதி வைத்த ஒரே ஒரு வசனம்.

இன்னொரு கேள்வி, தயங்காமல் பதில் சொல்லுங்கள். அந்த 3 மணிக்கு 'இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். 1926 என்ற இலக்கம் தேசிய மனநல நிறுவனத்தின் சேவை, இரவு பகல் எப்போதும் எடுக்கலாம். உயிரை மாய்க்கும் யோசனை முற்றினால் யாரையாவது கூட்டிக்கொண்டு நேரே வைத்தியசாலைக்கு வாருங்கள்.

பதவி விஷயத்தை இப்போதைக்கு விடுங்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டால் உடனே மாட்டேன் என்று சொல்லாமல், யோசிக்க ஒரு கிழமை கேளுங்கள்.