மசோதா குழுவுக்குப் போன பிறகு
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாடாளுமன்றச் செய்திகளில் ‘நிலைக்குழு’, ‘தேர்வுக் குழு’, ‘கூட்டுக் குழு’ என்று மாறி மாறி வருகிறது. எல்லாம் ஒன்றுதானா?
— கல்லூரி மாணவி, தென்காசி

பதில்: ஒன்றல்ல. குழு எதைத் திருப்பித் தருகிறது என்று பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும்.

நிலைக்குழு நிரந்தரமானது. 1993-இல் 17 துறைசார் நிலைக்குழுக்கள் தொடங்கப்பட்டன. 2004-இல் அவை 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 என 31 பேர் இருப்பார்கள். அமைச்சர்களுக்கு இடமில்லை. ஆண்டுதோறும் குழு மாற்றியமைக்கப்படும். மசோதா வந்தால் ஆராய்ந்து அறிக்கை தரும், அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு அரசுதான் திருத்தம் கொண்டுவர வேண்டும்.

தேர்வுக் குழுவும் கூட்டுக் குழுவும் ஒரு மசோதாவுக்கென்றே அமைக்கப்பட்டு, வேலை முடிந்ததும் கலைந்துவிடும். ஓர் அவையின் உறுப்பினர்கள் மட்டும் இருந்தால் தேர்வுக் குழு, இரண்டு அவையினரும் சேர்ந்தால் கூட்டுக் குழு. இவை மசோதாவின் வாசகத்தையே திருத்தி, ‘குழு அறிக்கையிட்டவாறு’ என்ற குறிப்புடன் புதிய பிரதியாகத் திருப்பித் தரும். அந்தப் பிரதியையே அவை எடுத்துக்கொண்டால், பிடிக்காத மாற்றத்தை நீக்க அமைச்சர்தான் எழுந்து திருத்தம் முன்மொழிய வேண்டும். நிலைக்குழுவின் பரிந்துரையைத் தள்ளுவதற்கு அவர் சும்மா இருந்தாலே போதும்.

(2ஜி விவகாரத்தில் அமைத்ததும் கூட்டுக் குழுதான். ஆனால் அது விசாரணைக்கானது. இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

கேள்வி: குழு சொல்வதை அரசு கேட்க வேண்டிய கட்டாயமே இல்லை என்கிறார்கள். பிறகு எதற்கு இத்தனை கூட்டம், படி, பயணம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: கட்டாயம் இல்லை என்பது உண்மை. நிலைக்குழு அறிக்கை நன்கு ஆராய்ந்து தரப்பட்ட ஆலோசனை. அதற்கு மேல் விதி எதுவும் சொல்லவில்லை. ஆனால் வாடகைத்தாய்ச் சட்டம் நடந்துவந்த பாதையைப் பாருங்கள். ஒரே விஷயம் இரண்டு குழுக்களிடம் போனது.

2016 நவம்பரில் வந்த மசோதா, திருமணமாகி ஐந்தாண்டு குழந்தையில்லாத தம்பதிக்கு மட்டும், நெருங்கிய உறவுக்காரப் பெண் மூலம் மட்டும், பணம் வாங்காமல் மட்டும் என்றது. சுகாதார நிலைக்குழு 2017 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. பத்து மாதம் சுமக்கும் பெண்ணுக்கு இழப்பீடு தராமல் இருப்பது நியாயமல்ல, தகுதி வரம்பையும் விரிவாக்குங்கள் என்றது. அரசு அசையவில்லை. மக்களவை 2018 டிசம்பரில் மசோதாவை நிறைவேற்றியது. மறு ஆண்டு மக்களவை கலைக்கப்பட்டதும் அது காலாவதியானது.

2019 ஜூலையில் ஏறக்குறைய அதே மசோதா திரும்பி வந்தது. இந்த முறை மாநிலங்களவை அதை, பூபேந்தர் யாதவ் தலைமையில் 23 பேர் கொண்ட தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. 2020 பிப்ரவரியில் வந்த அறிக்கை ‘நெருங்கிய உறவினர்’ என்பதை ‘விருப்பமுள்ள பெண்’ என்று மாற்றச் சொன்னது. ஐந்தாண்டுக் காத்திருப்பை எடுக்கச் சொன்னது. வாடகைத்தாய்க்கான காப்பீட்டை 16 மாதத்திலிருந்து 36 மாதமாக்கச் சொன்னது. 35 முதல் 45 வயதுக்குட்பட்ட கைம்பெண்களும் மணவிலக்குப் பெற்ற பெண்களும்கூட வாடகைத்தாய் மூலம் குழந்தை பெற வழி செய்யச் சொன்னது. 2021 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில் இந்த நான்கும் இருக்கின்றன. இழப்பீடு மட்டும் இல்லை.

முதல் குழு அரசின் அடிப்படைக் கொள்கையிலேயே கைவைத்தது, கிடைத்தது ஒன்றுமில்லை. இரண்டாவது குழு இழப்பீடு கேட்காமல், சிகிச்சைக்கு வருபவர்களை உண்மையில் தடுத்து நிறுத்திய சொற்களை மாற்றியது. ஆளுங்கட்சிக்காரர் தலைமை வகித்ததும் உதவியிருக்கும். அதற்காக முதல் குழுவின் வாதம் தவறு என்றாகிவிடாது. இழப்பீடு பற்றி அது எழுப்பிய கேள்விக்கு இன்னும் சரியான பதில் வரவில்லை என்பது எங்கள் கருத்து.

கேள்வி: 2025 ஆகஸ்டில் புதிய வருமான வரி மசோதாவை மக்களவை விவாதமே இல்லாமல் சில நிமிடங்களில் நிறைவேற்றியது. இவ்வளவு பெரிய சட்டம் இப்படியா?
— வரி ஆலோசகர், ஈரோடு

பதில்: அவையில் விவாதம் நடக்காதது குறைதான். ஆனால் வாசகத்தை ஆராயும் வேலை அதற்கு முன்பே நடந்துவிட்டது. பிப்ரவரி 13 அன்று அறிமுகமான மசோதா, பைஜயந்த் பாண்டா தலைமையில் 31 பேர் கொண்ட மக்களவைத் தேர்வுக் குழுவுக்குப் போனது. ஜூலை 21 அன்று 285 பரிந்துரைகளுடன் அறிக்கை வந்தது. பழைய மசோதாவைத் திரும்பப் பெற்று, பெரும்பாலான பரிந்துரைகளைச் சேர்த்துப் புதிய பிரதி கொண்டுவந்தார்கள்.

உங்கள் வாடிக்கையாளருக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்று: கெடு தாண்டிக் கணக்குத் தாக்கல் செய்தால் ரீஃபண்ட் கேட்க முடியாது என்று முதல் பிரதியில் ஒரு சரத்து இருந்தது. வரம்புக்குக் கீழே வருமானம் இருந்தும் டிடிஎஸ் (பணம் கைக்கு வருமுன்பே கழிக்கப்படும் வரி) பிடிக்கப்பட்டவர், பணத்தை வாங்குவதற்காகவே தாக்கல் செய்வார். அவர் ஒரு நாள் தாமதித்தாலும் போச்சு. குழு நீக்கச் சொன்னது, நீக்கிவிட்டார்கள்.

கூட்டுக் குழு ஏன் இல்லை என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். வரி விதிப்பது போன்ற பண மசோதா விஷயங்களைக் கூட்டுக் குழுவுக்கு அனுப்ப மக்களவை விதி இடம் தருவதில்லை.

கேள்வி: குழுவில் கட்சிக் கொறடா உத்தரவு செல்லுமா?
— சட்ட மாணவர், மதுரை

பதில்: இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் அந்த உத்தரவு குழுவில் செல்லாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் அவையில் போடும் வாக்கைப் பற்றித்தான் பேசுகிறது. கூட்டங்கள் கேமரா இல்லாமல் மூடிய அறையில் நடப்பதால் மனம்விட்டுப் பேசவும் முடியும். ஆனால் சூடான மசோதா என்றால் அங்கேயும் கட்சிக் கோடு விழுந்துவிடும். வக்ஃப் (முஸ்லிம் அறக்கொடைச் சொத்து) மசோதா கூட்டுக் குழுவில் எதிர்க்கட்சிகளின் திருத்தங்கள் ஆதரவு 10, எதிர்ப்பு 16 என்று தோற்றன. ஆளும் கூட்டணியின் 14 திருத்தங்கள் ஏற்கப்பட்டன.

கேள்வி: எங்கள் சங்கம் ஒரு மசோதா பற்றிக் குழுவுக்குக் கருத்து அனுப்ப விரும்புகிறது. எப்படி அனுப்பினால் படிப்பார்கள்?
— நெசவாளர் சங்கச் செயலாளர், சென்னிமலை

பதில்: குழு நாளிதழ்களிலும் நாடாளுமன்ற இணையதளத்திலும் விளம்பரம் கொடுக்கும். வழக்கமாக 15 நாள் கெடு. ஆங்கிலத்திலோ இந்தியிலோ இரண்டு பிரதிகள் கேட்பார்கள். தமிழில் எழுதி மொழிபெயர்க்க நான்கு நாளாவது ஆகும். விளம்பரம் வரும் வரை காத்திராமல் மசோதா அறிமுகமான நாளே வேலையைத் தொடங்கிவிடுங்கள். நேரில் சாட்சியம் சொல்ல விரும்பினால் அதைக் கடிதத்திலேயே தனியாகக் குறிப்பிட வேண்டும். அழைப்பதும் அழைக்காததும் குழுவின் முடிவு.

உள்ளடக்கத்தை நான்கு பத்தி அட்டவணையாகப் போடுங்கள்: சரத்து எண், இப்போதுள்ள வாசகம், அதனால் யாருக்கு என்ன பாதிப்பு, நீங்கள் கேட்கும் மாற்று வாசகம். கடைசிப் பத்திதான் உயிர். குழு இறுதியில் சரத்து சரத்தாக எடுத்து முடிவு செய்யும். அந்த மேசைக்குப் போகும்போது ‘நெருங்கிய உறவினர் என்பதற்குப் பதில் விருப்பமுள்ள பெண்’ என்பது போலத் தயாரான சொல் கையில் இருக்க வேண்டும். ‘இந்த மசோதா நெசவாளருக்கு எதிரானது’ என்று மட்டும் எழுதினால் அதை எந்தச் சரத்தில் பொருத்துவார்கள்?

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. ஒரே வார்ப்பில் ஆயிரம் பேர் மின்னஞ்சல் அனுப்புவது: வக்ஃப் மசோதாவுக்கு 97 லட்சத்துக்கும் மேல் மனுக்கள் வந்ததாக அமைச்சர் கிரண் ரிஜிஜு சொன்னார், அந்தக் குவியலில் தனித்துத் தெரிவது கணக்குடன் வந்த மனுதான். அடுத்தது, மசோதா தொடாத விஷயத்தைக் கேட்பது. மூன்றாவது, அனுப்பியதை அப்படியே வாட்ஸ்அப்பில் போடுவது. மனு குழுவின் ரகசிய ஆவணமாகிவிடுகிறது. நாடாளுமன்ற உரிமை மீறல் பிரச்சினை வரலாம்.

அறிக்கை வெளியானதும் பின்னிணைப்பில் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளையும் மாறுபட்ட கருத்துக் குறிப்புகளையும் தேடிப் படியுங்கள். உங்கள் யோசனையை யார் எடுத்துப் பேசினார் என்று தெரிந்தால், அவையில் திருத்தம் கொடுக்க அவரையே அணுகலாம்.

கேள்வி: பெண்களின் திருமண வயதை 21 ஆக்கும் மசோதா என்ன ஆனது?
— வாசகி, அரியலூர்

பதில்: 2021 டிசம்பரில் நிலைக்குழுவுக்குப் போனது, கால நீட்டிப்பு மேல் நீட்டிப்பு வாங்கி, 17-ஆவது மக்களவையோடு காலாவதியானது. குழு என்பது சில சமயம் கிடங்கும்கூட. தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் கூட்டுக் குழு இரண்டாண்டு உழைத்து 81 திருத்தங்கள் தந்தது. 2022-இல் அரசு மசோதாவையே திரும்பப் பெற்று, 2023-இல் வேறொன்றைக் குழுவுக்கு அனுப்பாமலே நிறைவேற்றியது.

கேள்வி: தமிழ்நாடு சட்டமன்றத்திலும் இப்படிக் குழுக்கள் உண்டா?
— தொழிற்சங்க ஊழியர், அம்பத்தூர்

பதில்: பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு போன்றவை உண்டு. அவை செலவையும் நிர்வாகத்தையும் பார்ப்பவை. மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வழி இருந்தும் அது அபூர்வம். துறைவாரியாக மசோதாவை ஆராயும் நிலைக்குழு இங்கே இல்லை. கேரளத்தில் 1980 முதல் பொருள்வாரிக் குழுக்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே துறை அமைச்சரே தலைவர் என்பதால் குழு அமைச்சரைக் கேள்வி கேட்பது கொஞ்சம் கூச்சமான காரியம்.

குழு இல்லாததன் விலையை நீங்களே பார்த்தீர்கள். 12 மணி நேர வேலைக்கு இடமளித்த தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தும் நிறைவேறியது. தொழிற்சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசியது அதற்குப் பிறகு. 24-ஆம் தேதி நிறுத்தி வைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.