இரண்டு லைன் போட்டும் வேகம் ஏன் கூடவில்லை?

கேள்வி: அலுவலகத்தில் 200 எம்பிபிஎஸ், 100 எம்பிபிஎஸ் என இரண்டு இன்டர்நெட் லைன்களை ஒரே ரவுட்டரில் கொடுத்து, சுமையை இரண்டுக்கும் பங்கிடும் லோட் பேலன்சிங் போட்டிருக்கிறோம். பெரிய ஃபைலை இறக்கினால் 300 வருவதில்லை. சில நேரம் 100-லேயே நிற்கிறது. வங்கித் தளமோ பாதியில் லாக்-அவுட் ஆகிறது. ரவுட்டரில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. ரவுட்டர் பங்கிடுவது வேகத்தை அல்ல, கம்ப்யூட்டர் ஒரு சர்வரோடு திறக்கும் தொடர்புகளை, அதாவது கனெக்‌ஷன்களை. ஒரு கனெக்‌ஷனை எந்த லைனில் ஏற்றியதோ, அது முடியும்வரை அதே லைனில்தான் ஓடும். ஒரு ஃபைல் பெரும்பாலும் ஒரே கனெக்‌ஷனில் வரும். 100 லைனில் விழுந்தால் 100-தான்.

ஒரே ஃபைலின் பாக்கெட்டுகளை (சிறு தரவுத் துண்டுகளை) இரு லைனிலும் மாற்றி மாற்றி அனுப்பினால் என்ன என்று தோன்றும். இரண்டு லைனுக்கும் வெவ்வேறு ஐபி முகவரி. பாதியில் வேறு முகவரியிலிருந்து வரும் பாக்கெட்டை எதிர்முனை சர்வர் ஏற்காது. முகவரி ஒன்றாகவே இருந்தாலும், தாமதம் வேறுபடுவதால் பாக்கெட்டுகள் முன்பின்னாகப் போய்ச் சேரும். பாக்கெட்டுகள் ஒழுங்காகப் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் டிசிபி (TCP) என்ற நெறிமுறை அதைத் தொலைந்துபோனதாக எண்ணி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரிய நெட்வொர்க்குகளிலும் இதனால்தான் ஒரு கனெக்‌ஷனை ஒரே பாதையில் வைக்கிறார்கள்.

பத்துப் பேர் ஒரே நேரத்தில் இறக்கிப் பாருங்கள், இரண்டு லைனும் நிரம்பும். பங்கு விகிதம் சமமாக இருந்தால் 2:1 என்று மாற்றுங்கள். ஒற்றை டவுன்லோடுக்கே 300 வேண்டுமென்றால் இரண்டு லைனையும் ஒன்றாகக் கட்டும் பாண்டிங் வேண்டும். அதற்கு மறுமுனையிலும் சேர்த்துக் கட்ட ஒரு சர்வர் தேவை. ஒரே தொடர்பைப் பல பாதைகளில் ஓட்டும் மல்டிபாத் டிசிபி-யும் இருக்கிறது. 2013-லேயே ஆப்பிள் அதை சிரி (Siri) என்ற தன் குரல் உதவியாளருக்குப் பயன்படுத்தியது. ஆனால் இரு முனையிலும் ஆதரவு இருந்தால்தான் நடக்கும்.

வங்கிச் சிக்கல் வேறு. ஒரே லாகினுக்குள் பல கனெக்‌ஷன்கள் திறக்கின்றன. ஒன்று இந்த முகவரியிலிருந்தும் இன்னொன்று அந்த முகவரியிலிருந்தும் வந்தால், யாரோ செஷனைத் திருடிவிட்டார்கள் என்று சந்தேகித்து வெளியேற்றிவிடுவார்கள். https தளங்கள் பயன்படுத்தும் 443 போர்ட்டுக்கு மட்டும், ஒரு கம்ப்யூட்டர் எப்போதும் ஒரே லைனில் போகும்படி விதி போடுங்கள். அந்த லைன் விழுந்தால் மற்றதற்கு மாறவும் அனுமதி கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: லைன் உயிரோடு இருக்கிறதா என்று ரவுட்டர் எதைப் பிங் செய்கிறது, அதாவது எதற்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கிறது? லைனின் முதல் நிறுத்தமான பக்கத்து கேட்வேயை மட்டும் என்றால், அதற்கப்பால் அறுந்தாலும் தெரியாது. அந்த லைனுக்குப் போன கனெக்‌ஷன்களெல்லாம் தொங்கும். 8.8.8.8, 1.1.1.1 போன்ற இரண்டு வெளி முகவரிகளைக் கொடுங்கள். சோதிக்கும்போது ரவுட்டருக்கும் மோடத்துக்கும் நடுவிலுள்ள கேபிளைப் பிடுங்காதீர்கள், அதை எந்த ரவுட்டரும் கண்டுபிடித்துவிடும். மோடத்துக்கு வெளியிலிருந்து வரும் லைனைக் கழற்றிப் பாருங்கள்.