எள் செழிப்பாக வளர்ந்தும் காய் பிடிக்கவில்லை: இன்னொரு மூட்டை யூரியா இடலாமா?

மன்னார்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர், சம்பா அறுவடைக்குப் பின் மாசிப் பட்டத்தில் எள் விதைத்து, ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியாவும் அரை மூட்டை டி.ஏ.பி.யும் (நைட்ரஜனும் பாஸ்பரசும் கலந்த உரம்) இட்டிருக்கிறார். செடி கரும்பச்சையாக இடுப்பளவு வளர்ந்து பூத்தும் காய்ப்பிடிப்பு இல்லை. மேலும் ஒரு மூட்டை யூரியாவும் ஒரு டானிக்கும் வாங்கிப்போகச் சொல்கிறார் உரக்கடைக்காரர். செய்யலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். உங்கள் பயிர் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவால் தவிக்கவில்லை, மிகுதியால்தான் தவிக்கிறது. தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் இறவை எள்ளுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டருக்கு 35 கிலோ தழைச்சத்து, 23 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 23 கிலோ சாம்பல் சத்து (பொட்டாசியம்). ஏக்கர்க் கணக்கில் தழைச்சத்து 14 கிலோதான். நீங்கள் இட்ட இரண்டு உரத்திலும் சேர்த்து ஏறக்குறைய 25 கிலோ போய்விட்டது. சாம்பல் சத்தோ கந்தகமோ துளியும் போகவில்லை. தழைச்சத்து மிகுந்தால் செடி இலையும் கிளையுமாகப் பெருத்து, நிழல் விழுந்த அடிப்பகுதியில் பூ உதிர்கிறது. முதிர்ச்சியும் தள்ளிப்போவதால், கீழ்க்காய் வெடித்துச் சிந்தும்போது மேல்காய் பச்சையாகவே நிற்கிறது. நெருக்கமாக விட்டிருந்தால் கேடு இரட்டிப்பாகும். 30ஆம் நாளுக்குள் செடிக்குச் செடி ஓரடி இடைவெளி இருக்கும்படி கலைத்துவிட வேண்டும் என்பதை உரத்தைவிட முக்கியமாகச் சொல்வேன்.

மேலுரமாக யூரியா இட வேண்டிய நிலை ஒன்று உண்டு. 30ஆம் நாள் வாக்கில், அடி இலையிலிருந்து தொடங்கிப் பயிர் முழுவதும் ஒரே சீராக வெளிறி, மண்ணும் பொலபொலவென்று ஈரமாக இருந்தால் சிறிது யூரியா தரலாம். ஆனால் தண்ணீர் பாய்ச்சிய மறுநாளோ கோடை மழைக்குப் பிறகோ பள்ளமான இடங்களில் மட்டும் மஞ்சளித்தால் அது பசியன்று. நம் களிமண்ணில் நீர் தேங்கி வேர் மூச்சுத்திணறுகிறது. அப்போது யூரியா தூவினால் உரமும் வீணாகும், பயிரும் மீளாது. வடிகால் வெட்டி, மண் ஆறிய பின் ஐந்தாறு நாள் பொறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் தானாகத் தேறிவிடும். உங்கள் கரும்பச்சைப் பயிருக்கு இந்த விலக்கு பொருந்தாது.

டானிக்கைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. யூரியா கேட்டவரிடம் குருணையையும் பாட்டிலையும் சேர்த்து வாங்கினால்தான் மூட்டை என்று கட்டாயப்படுத்துவது 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் நடவடிக்கைக்குரியது. 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசுதான். அதில் கிடைக்காத லாபத்தைப் பாட்டிலில் எடுக்கிறார்கள். உயிரூக்கிகள் (பயிர் வளர்ச்சியைத் தூண்டும் பயோஸ்டிமுலன்ட்கள்) என்று விற்கப்படுபவையும் 2021 முதல் அதே ஆணைக்குள் வந்துவிட்டன. ஆகவே பதிவு விவரமும் உள்ளடக்கமும் அச்சிடாத பாட்டிலைத் தொடாதீர்கள். ரசீது கேளுங்கள், தர மறுத்தால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்ன புகார் எங்கும் பதிவாவதில்லை.

இப்போது செய்யக்கூடியது நீர் நிர்வாகம் மட்டுமே: பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் தேங்காமல் நனைத்து, 65ஆம் நாளுக்குப் பின் நிறுத்திவிடுங்கள். பூவே இலைபோல் பச்சையாக மாறியிருந்தால் அது தத்துப்பூச்சி பரப்பும் பச்சைப்பூ நோய். எந்த உரமும் அதைத் திருத்தாது, செடியைப் பிடுங்கி அழியுங்கள்.

அடுத்த பட்டத்துக்கு ஏக்கருக்கு யூரியா 30 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 58 கிலோ, பொட்டாஷ் 15 கிலோ போதும். டி.ஏ.பி.க்குப் பதில் சூப்பரைச் சொல்வதற்குக் காரணம், அதில் நூற்றுக்குப் பதினொரு பங்கு கந்தகம் இருப்பதுதான். எண்ணெய்ச் சத்து உருவாகக் கந்தகம் தேவை. கேட்டால் இருப்பு இல்லை, டி.ஏ.பி. எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். எண்ணெய் வித்து சாகுபடியைப் பெருக்கச் சொல்லும் துறை, பட்டம் தொடங்கும் நேரத்தில் சூப்பர் மூட்டையை இறக்கி வைக்க ஏன் நினைப்பதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மண் பரிசோதனை முடிவும் விதைத்த பிறகே கைக்கு வருகிறது என்பதால், மாதிரியைச் சம்பா நடவுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். விதைத்தவுடன் ஏக்கருக்கு 2 கிலோ மாங்கனீசு சல்பேட்டை 18 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து மேலாகத் தூவுங்கள். அதை மண்ணோடு கிளறிவிடக் கூடாது.